மேடையில் சொன்ன வேடிக்கை

முதல் வயலின் வாசிப்பவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. கச்சேரி நன்றாக அமைந்துவிட்டால் அது தன்னால்தான் என்று நினைப்பார்கள். கெட்டுப்போனால் பக்கத்து நாற்காலியைப் பார்ப்பார்கள். மாக்டெல்ட் ரோஸ்காமுக்கு அந்த வியாதி கிடையாது என்றுதான் நெதர்லாந்தின் டெவென்டர் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள், நவம்பர் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும்.

முப்பது வருடமாக அவள் ஒரே நால்வர் குழுவில், அதாவது குவார்டெட்டில், வாசிக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் இசைக் கல்லூரியில் பாடமும் எடுக்கிறாள். குழுவில் வயோலா வாசிக்கும் வீபே, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அதையே நேர்மை என்று பெருமைப்பட்டுக்கொள்ளும் ஆள். அந்த ஊரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. செல்லோ வாசிக்கும் ஹெஸ்ஸெல் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான், தாளம் தப்பினால் மட்டும் மன்னிக்கமாட்டான். இரண்டாம் வயலின் நாற்காலியில் இருந்த ஓட்டோவுக்குத் தோள்பட்டை போய்விட்டது. அந்த இடத்துக்கு வந்தவள் யெட்ஸ்கே.

யெட்ஸ்கேக்கு இருபத்தேழு வயது. ஏழு வருடம் மாக்டெல்டிடமே படித்தவள். படித்த காலத்தில் மாக்டெல்ட் அவளைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாராட்டினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது அவள் கட்சி. ஆனால் நாற்காலி காலியானதும் முதலில் நினைவுக்கு வந்த பெயர் அதுதான். ஒரு வருடம் கூட இருந்து வாசிக்க வேண்டும், பிறகு மற்ற மூன்று பேரும் உட்கார்ந்து வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து வாழ்ந்து பார்ப்பது மாதிரிதான், எல்லாக் குழுக்களிலும் நடப்பதுதான். அந்த ஒரு வருடம் டிசம்பரில் முடிய இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசித்தது இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு உருப்படி. அதில் முதல் பகுதி முடியும் இடத்தில் தாளில் இரண்டு புள்ளி வைத்த ஒரு கோடு வரும். அங்கே வந்ததும் மறுபடி தொடக்கத்துக்குத் திரும்பலாம், திரும்பாமல் மேலேயும் போகலாம். பெரும்பாலான குழுக்கள் இதை ஒத்திகையிலேயே பேசி வைத்துக்கொள்ளும். மாக்டெல்டுக்கு அது பிடிக்காது. எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு பண்ணினால் வாசிப்பு ஆறிப்போன சூப்பு மாதிரி ஆகிவிடும் என்பாள். அதனால் அவர்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. அந்தக் கோட்டில் இரண்டாம் வயலின் மட்டும் தனியாக மூன்று சுரம் வாசிக்க வேண்டும். திரும்புவதென்றால் ஒரு மூன்று, மேலே போவதென்றால் வேறு மூன்று. மற்றவர்கள் அதைக் கேட்டுச் சேர்ந்துகொள்வார்கள். எந்த மூன்றை வாசிப்பது என்று இரண்டாம் வயலினுக்குச் சொல்வது மாக்டெல்டின் கண். கோட்டுக்குச் சற்று முன்னால் அவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தால் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். கண் தாளிலேயே இருந்தால் மேலே போக வேண்டும். ஓட்டோவும் அவளும் இருபத்தைந்து வருடம் இப்படியே ஓட்டியிருந்தார்கள், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அந்த நேரத்தில் வீபேயின் மூக்கு தாளுக்குள் இருக்கும், ஹெஸ்ஸெல் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பான். ஆகவே அந்தப் பார்வை இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் நடக்கிற சமாசாரம்.

கச்சேரி ஆற்றங்கரையில் இருக்கும் சின்னத் தேவாலயத்தில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, காலை வேளையில், முடிந்ததும் காபி. வருகிறவர்களும் மாறுவதில்லை, அவர்கள் உட்காரும் நாற்காலிகளும் மாறுவதில்லை. கமிட்டித் தலைவி திருமதி ஹெம்மிங்கா முன்பே மாக்டெல்டின் காதில் போட்டிருந்தாள், இன்றைக்கு நிகழ்ச்சி நீளம், காபி ஆறிவிடும், கொஞ்சம் சுருக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. சரி, இன்றைக்குத் திரும்ப வேண்டாம் என்று மாக்டெல்ட் மனதுக்குள் முடிவு செய்துகொண்டு வில்லை எடுத்தாள்.

முதல் பகுதியின் பின்பாதியில் ஒரு மெட்டு வரும். முதலில் அதை முதல் வயலின் வாசிக்கும், பிறகு இரண்டாம் வயலின் அதையே வாங்கி வாசிக்கும். மாக்டெல்ட் தன் பங்கை வாசித்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு யெட்ஸ்கே வாங்கினாள். மெட்டின் உச்சியில் ஒரு வளைவு உண்டு, அங்கே வில்லை நிறுத்தாமல் மூச்சு விட வேண்டும். அதைத்தான் மாக்டெல்ட் ஏழு வருடமும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுத்தாளே தவிர, மாக்டெல்டின் சொந்தக் கைக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. யெட்ஸ்கேக்கு அன்றைக்கு வந்தது. சர்வ சாதாரணமாக வந்தது. முன்வரிசையில் எப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கிழவர் ஒருவர் தலையைத் தூக்கினார், மாக்டெல்டைப் பார்க்கவில்லை, யெட்ஸ்கேயைப் பார்த்தார்.

மாக்டெல்டும் பார்த்தாள். தன்னை அறியாமல் தலை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர்கள் கோட்டுக்கு வந்திருந்தார்கள்.

யெட்ஸ்கே அவள் கண்ணைப் பார்த்தாள், லேசாகத் தலையை அசைத்தாள், திரும்புவதற்கான மூன்று சுரத்தை வாசித்தாள். மாக்டெல்ட் அதைக் காதில் வாங்கவே இல்லை. மனதில் போட்ட கணக்குப்படி மேலே போனாள். வீபே பழக்கதோஷத்தில் மாக்டெல்டின் பின்னால் ஓடினான். ஹெஸ்ஸெல் யெட்ஸ்கேயோடு போனான். இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் இன்னொரு பக்கம். கொஞ்ச தூரம் அந்தக் கண்ணராவி நடந்தது, பிறகு நால்வருமே நின்றுவிட்டார்கள். முப்பது வருடத்தில் அந்தக் குழு மேடையில் நின்றதில்லை.

தேவாலயத்தில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. எல்லோருடைய கண்ணும் முதல் வயலின் மீது. மாக்டெல்ட் வயலினை மடியில் இறக்கி வைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க சின்னப் பொண்ணுக்கு ஆரம்பம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதை விட்டு வரமாட்டேங்குது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பில் சங்கடம் கரைந்து போயிற்று. அவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள், இந்த முறை ஒரு பிசகும் இல்லை, முடிவில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். யெட்ஸ்கேயின் கழுத்து சிவந்திருந்தது. அவளும் குனிந்து வணங்கினாள்.

பாதிரியார் அங்கி மாற்றும் அறைக்குள் வந்ததும் வீபே கதவைச் சாத்தினான். யெட்ஸ்கேயிடம் நேராகவே கேட்டான்.

"எதுக்குத் திரும்பின? அவ பாக்கலியே, நேரா மேலதானே போனா."

யெட்ஸ்கே மாக்டெல்டின் பக்கம் திரும்பினாள். குற்றம் சொல்வதற்காக அல்ல. ஆசிரியை இதோ சொல்லிவிடுவாள் என்று நம்பிக் காத்திருக்கிற முகம் அது. மாக்டெல்ட் வில்லில் தடவும் ரோசின் பிசின் தந்திகளில் பொடியாகப் படிந்திருந்ததைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். இப்போது சொன்னால் அந்த வேடிக்கையை என்ன செய்வது? அத்தனை பேர் சிரித்தாயிற்றே.

"எனக்கு அப்படித் தோணுச்சு," என்றாள் யெட்ஸ்கே. "மன்னிச்சுக்கங்க."

வெளியே காபி மேஜையில் அந்த வேடிக்கை வளர்ந்து ஆளாகிவிட்டிருந்தது. ஒருவர் யெட்ஸ்கேயின் கோப்பையை நிரப்பிவிட்டு, என்னம்மா, காபியையும் முதலிலிருந்து குடிப்பாயா என்றார். இன்னொரு பெண்மணி அவள் தோளைத் தட்டி, கவலைப்படாதே, மாக்டெல்ட் மாதிரி ஆள் பக்கத்தில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். யெட்ஸ்கே எல்லாவற்றுக்கும் சிரித்தாள். மாக்டெல்ட் தன் கோப்பையோடு தூண் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேடிக்கை தானாக வாயில் வந்துவிட்டது, கூட்டத்தைச் சமாளிக்கத்தான் சொன்னேன், நான் பார்த்தது எனக்கு அப்புறம்தானே உறைத்தது. சொல்லிச் சொல்லிப் பழகியதில் பாதி நம்பவும் ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் கல்லூரியில் மாணவர்களின் குழு ஒன்று அவள் முன்னால் வாசித்தது. நடுவில் எங்கோ இடறி நின்றது. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். இந்த மாதிரி நேரத்துக்கென்றே அவளிடம் ஒரு வசனம் உண்டு, எல்லா வகுப்புக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம். தப்பு யாருடையது என்று தேடாதீர்கள், உங்களுடையது என்றால் கையைத் தூக்கிச் சொல்லிவிடுங்கள், அத்தோடு முடிந்தது. மாணவர்கள் அதற்குத்தான் காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். தொண்டை சரியில்லை என்று சொல்லி வகுப்பைச் சீக்கிரமே முடித்துவிட்டாள். படியில் இறங்கும்போது முகம் நெருப்பாக எரிந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாருக்கும் ஒன்றும் தெரியாது, இருந்தாலும் எதிரே வந்தவர்களின் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு ஒத்திகைகளில் யெட்ஸ்கே வேறு ஆளாகிவிட்டாள். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இங்கே திரும்புகிறோமா, இங்கே எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். குறித்ததைத் தவிர வேறொன்றும் வாசிக்கவில்லை. தாளம் தப்பவில்லை என்று ஹெஸ்ஸெலுக்குச் சந்தோஷம். ஆனால் அந்த மெட்டின் வளைவில் இப்போது மூச்சும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முன்பெல்லாம் வாசிக்கும்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். இப்போது யெட்ஸ்கேயின் கண் தாளை விட்டு அசைவதில்லை. பயந்துவிட்டாள், குவார்டெட்டுக்கு நெஞ்சுரம் வேண்டும், அது இவளிடம் இல்லை என்று வீபே மாக்டெல்டிடம் சொன்னான். அவள் வயலினைப் பெட்டிக்குள் வைத்தாள். ஒரு நல்ல கையைத் தான்தான் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

டிசம்பரில் மூன்று பேரும் ஹெஸ்ஸெல் வீட்டுச் சமையலறையில் கூடினார்கள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் மாக்டெல்ட் சைக்கிளை எடுத்திருந்தாள். ஹெஸ்ஸெலின் மனைவி ஆல்ட்யே காபி ஊற்றினாள், பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று எடுக்கவிட்டு வழக்கம்போல மூடி வைத்தாள். அந்த வீட்டில் டப்பா ஒரு தடவைதான் திறக்கும்.

வீபே சுற்றி வளைக்கவில்லை. பெண் நல்ல பெண், கை நல்ல கை, ஆனால் மேடையில் முதல் வயலின் கண்ணைக் காட்டாதபோதே காட்டியதாக நினைத்துக்கொண்டு ஓடுகிறவளை நம்பி எப்படி உட்காருவது, வேண்டாம் என்றான். ஹெஸ்ஸெல் தலையாட்டினான். இரண்டு பேரும் மாக்டெல்டைப் பார்த்தார்கள்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள்.

சொல்லத்தான் ஆரம்பித்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. எல்லோரும் தப்புப் பண்ணுவார்கள், ஒரு காலை வேளையை வைத்து ஒருத்தியின் வாழ்க்கையைத் தீர்மானிக்கக் கூடாது, நான் அதை மறந்தாயிற்று, நீங்களும் மறந்துவிடுங்கள் என்றெல்லாம் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள், அவளுக்குப் பேச்சு எப்போதும் நன்றாக வரும். பேசப் பேச உள்ளுக்குள் ஒரு குரல், அடிப்பாவி, என்னடி பேசுகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

வீபே காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "உனக்குப் பெரிய மனசு மாக்டெல்ட்," என்றான். "அவமானப்பட்டது நீ. நீயே விட்டுட்டேன்னா நான் எதுக்குப் புடிச்சுத் தொங்கணும்? இருக்கட்டும்."

ஆல்ட்யேயின் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து, இரண்டாம் தடவை திறந்து, மாக்டெல்டின் முன்னால் நீட்டினாள். மாக்டெல்ட் எடுத்துக்கொண்டாள். எடுக்காமல் எப்படி இருப்பது? அதை மென்று விழுங்கியதற்கு ஒரு கூடை செங்கல்லை விழுங்கியிருக்கலாம்.

யெட்ஸ்கேக்கு நல்ல சேதியை நானே சொல்லிவிடுகிறேன் என்று அங்கிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனாள். சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. யெட்ஸ்கே துவைத்த துணிகளைக் கட்டிலில் குவித்து வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைக் காலி பண்ணிக் கொடுத்தாள். மாக்டெல்ட் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "உன்னை வெச்சுக்கறதா முடிவு பண்ணிட்டோம்."

யெட்ஸ்கேயின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ரொம்ப நன்றி, ஆனால் நான் வரவில்லை என்றாள். வடக்கே க்ரோனிங்கன் நகரில் ஒரு பெரிய வாத்தியக் குழுவில் கடைசி வரிசையில் இடம் இருக்கிறதாம், கூப்பிட்டிருக்கிறார்களாம்.

"கடைசி வரிசையா? உனக்கென்ன பைத்தியமா?"

"அங்க முன்னாடி இருக்கறவங்க வில்லு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் போனாப் போதும். யாரு கண்ணையும் பாக்க வேண்டாம்." ஒரு துண்டை உதறி மடித்தாள். "அன்னைக்கு நீங்க என்னைப் பாத்தீங்கன்னு நான் சத்தியமா நம்பினேன், மாக்டெல்ட். இப்பவும் அது கண்ணு முன்னாடியே நிக்குது. ஆனா பாத்திருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. உங்களை எனக்குத் தெரியாதா? அப்ப இல்லாததைப் பாக்கற கண்ணு என்னுது. அப்படிப்பட்டவ குவார்டெட்ல உக்காரக் கூடாது. நீங்க எல்லாரும் நல்லவங்க, வெச்சுக்கறேன்னு சொல்றீங்க. எனக்கே என் மேல நம்பிக்கை இல்லியே."

மாக்டெல்டுக்கு உட்கார்ந்த இடத்திலேயே கூசிப்போயிற்று. அந்தப் பெண் அவளைச் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இவளோ தன் ஆசிரியையை நம்பி, அதற்காகத் தன் கண்ணையே பொய் என்று ஒதுக்கிவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"நான் பாத்தேன்," என்றாள் மாக்டெல்ட்.

யெட்ஸ்கேயின் கை நின்றது.

"உன்னைத்தான் பாத்தேன். நீ திரும்பினது சரி. நான்தான் கேக்காம மேல போனேன்."

கீழே கடையில் யாரோ சைக்கிள் மணியை அடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். யெட்ஸ்கே மடித்த துண்டைக் கட்டிலில் வைத்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"எது?"

"பாத்தது. அந்த ஜோக்கைச் சொல்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அப்புறம் என்ற பதில் தயாராக இருந்தது. வாரக்கணக்கில் அதைத்தானே மெருகேற்றிக்கொண்டிருந்தாள். அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. யெட்ஸ்கே அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று அவளுக்கே முழுதாகத் தெரிந்தது. வில் நின்றபோதே தெரிந்திருந்தது. தெரிந்துதான் சிரித்தாள், தெரிந்துதான் சின்னப் பொண்ணு என்றாள்.

"சரி. ஏன் பாத்தீங்க? திரும்பறதா இல்லேன்னா எதுக்குப் பாக்கணும்?"

"நீ வாசிச்சது நல்லா இருந்துச்சு. என்னைவிட நல்லா இருந்துச்சு. எனக்குப் பொறுக்கலை."

யெட்ஸ்கே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏழு வருஷம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் உங்க வகுப்புக்கு வந்துக்கிட்டு இருந்தேன். அது இப்படியா வரணும்?"

மாக்டெல்ட் மன்னிப்புக் கேட்டாள். வீபேயிடமும் ஹெஸ்ஸெலிடமும் உடனே சொல்லிவிடுகிறேன் என்றாள். யெட்ஸ்கே வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அவங்க ரெண்டு பேரா சிரிச்சாங்க? ஜனவரியில அதே ஜனங்கதான் அதே நாற்காலியில வந்து உக்காருவாங்க. அங்க சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் இருக்கறதா போறதான்னு பாக்கறேன்."

வீபேயிடம் போனில் சொன்னாள். அவன் முழுதும் கேட்டுவிட்டு, நான் அவளைக் கேட்டபோது நீ பக்கத்தில்தானே நின்றாய் என்றான். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டான். வாய்க்கு வந்ததைச் சொல்கிற மனிதன் வேறொன்றும் சொல்லாமல் வைத்தது அவளுக்கு உறைத்தது. ஹெஸ்ஸெல் மட்டும் மெல்லக் கேட்டான்: "அந்த பிஸ்கட்டை எப்படி முழுங்கினே?"

ஜனவரி ஞாயிறு வந்தது. ஆறு விளிம்பில் உறைந்திருந்தது. தேவாலயத்தில் எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். திருமதி ஹெம்மிங்கா முன்வரிசையில். மாக்டெல்ட் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. சொல்ல வேண்டியதைக் கணக்கில்லாத தடவை சொல்லிப் பார்த்திருந்தாள், அழகான வார்த்தைகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு வெறும் விஷயத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தாள். நால்வரும் உட்கார்ந்ததும் அவள் மட்டும் எழுந்து நின்றாள்.

"போன தடவை இங்க வாசிப்பு நின்னுபோச்சு, ஞாபகம் இருக்கும்," என்றாள். "தப்பு யெட்ஸ்கேயோடதுன்னு நான் சொன்னேன். அவளோடது இல்ல. என்னோடது."

முன்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவள் விடாமல் தொடர்ந்தாள். திரும்பச் சொல்லி நான்தான் கண் காட்டினேன், காட்டிவிட்டு நானே அதை மதிக்கவில்லை, அது தெரிந்தும் பழியை அவள் மேல் போட்டேன் என்றாள். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் பரவியது. கெட்ட சிரிப்பு அல்ல, பாசமான சிரிப்பு. அவர்களுக்கு மாக்டெல்டைத் தெரியும். முப்பது வருடமாகத் தெரியும். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னாலும் எழுந்து நின்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிறவள் அல்லவா அவள்?

"இல்ல, இது வேடிக்கை இல்ல," என்றாள். "நிஜமாத்தான் சொல்றேன். நான் பொய் சொன்னேன்."

இதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கடிகாரக் கிழவர்கூடச் சிரித்தார். திருமதி ஹெம்மிங்கா பக்கத்துப் பெண்மணியிடம், பாருங்கள், ஒரு மாணவிக்காக இப்படிப் பழியை ஏற்றுக்கொள்ள யாருக்கு மனசு வரும் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். சொல்லிவிட்டுக் கைதட்டத் தொடங்கினாள். மொத்தத் தேவாலயமும் சேர்ந்து தட்டியது. சிலர் யெட்ஸ்கேயைப் பார்த்துத் தலையாட்டினார்கள், கொடுத்துவைத்தவளம்மா நீ என்கிற மாதிரி.

மாக்டெல்ட் நின்றுகொண்டே இருந்தாள். இதற்கு மேல் என்ன சொன்னாலும் அது அவள் பெருந்தன்மைக் கணக்கில்தான் சேரும் என்று புரிந்துவிட்டது. அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியத்தை எவ்வளவு சுலபமாக நம்பவைத்தாள்! இன்றைக்கு உண்மையைச் சொல்லி மன்றாடுகிறாள், ஒருவரும் நம்பத் தயாராக இல்லை. வீபே தாளை முறைத்துக்கொண்டிருந்தான். ஹெஸ்ஸெல் தலையைத் தூக்கவில்லை.

யெட்ஸ்கே அவள் கோட்டுச் சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"போதும். உக்காருங்க."

உட்கார்ந்தாள். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்கு அடியில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி யெட்ஸ்கே பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை.

"நீங்க சொல்லிட்டீங்க. அது எனக்குப் போதும். க்ரோனிங்கனுக்கும் போகலை, எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. வேற குழு தேடிக்கறேன். நான் குவார்டெட்டை விடலை மாக்டெல்ட், உங்களைத்தான் விடறேன்."

வயலினை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். வீபேயும் ஹெஸ்ஸெலும் வில்லைத் தூக்கினார்கள். கூட்டம் அடங்கி, முகமெல்லாம் அன்பாக, மாக்டெல்டைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தது. எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனால் தொடக்கத்துக்கு மூச்சு எடுத்துக் கொடுக்க வேண்டியவள் முதல் வயலின்தான், மூன்று பேரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். அவள் மூச்சை இழுத்தாள்.